சிறுநீர்க் குழாயை எப்போது அகற்றுவது?

சாரத்திலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்து தண்டுவடம் அடிபட்டு வருபவருக்கு மருத்துவமனையில் முதல் நாளே சிறுநீர்க் குழாய் பொருத்திவிடுகிறார்கள். சிறுநீர்ப்பை இயங்காத நிலையில் அது அவசியம். அந்தக் குழாய் எப்போது வெளியே வரும் என்பதே என் கேள்வி.

உள்ளேயே தங்கும் குழாயால் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு நாளொன்றுக்கு 3 முதல் 7 சதவீதம். ஒரு மாதம் கடந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் கிருமி இருக்கும். ஆனால், கிருமி இருப்பது வேறு, நோய்த்தொற்று வேறு. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர் எரிச்சலையோ வலியையோ உணர்வதில்லை. காய்ச்சல், கால்களில் கூடும் விறைப்பு, காயம் மேல்முதுகிலோ கழுத்திலோ இருந்தால் திடீர்த் தலைவலியும் எகிறும் ரத்த அழுத்தமும் என்று தொற்று வேறு முகங்களில் வருகிறது. இவற்றைக் கவனிக்க நேரமில்லாத இடத்தில் பரிசோதனை அறிக்கையே வைத்தியம் பார்க்கிறது. அறிகுறி இல்லாதவருக்கும் ஆன்டிபயாட்டிக் தரப்படுகிறது. உண்மையான தொற்று வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகிறது.

முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோரைப் பலிகொண்டவை சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும்தான். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் பொறுப்பேற்ற பிறகே அந்த நிலை மாறத் தொடங்கியது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றி, உடனே எடுத்துவிடும் முறையை அவர் வலியுறுத்தினார். கைகளைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நோயாளியே இதைச் செய்துகொள்ளலாம் என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் காட்டினார். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

பிறகு ஏன் வாரக்கணக்கில் குழாய் உள்ளேயே கிடக்கிறது? ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு நான்கிலிருந்து ஆறு முறை செய்ய வேண்டிய வேலை இது. நெரிசலான பொது வார்டில் அதற்குச் செவிலியர் இல்லை. பெண் நோயாளிக்கு ஒரு திரைகூட இருக்காது. அதைக் கற்றுத்தரும் பொறுப்பு எவருடைய பணிப்பட்டியலிலும் இல்லை. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்புக்கு 2017இலேயே தேசியச் செயல்திட்டம் வகுத்த நாடு இது. என்னைக் கேட்டால், மருந்துச் சீட்டைக் கண்காணிக்கும் முன் கட்டிலருகே தொங்கும் சிறுநீர்ப் பையைப் பார்க்க வேண்டும். குழாய் பொருத்திய தேதியும் அகற்ற வேண்டிய தேதியும் நோயாளியின் குறிப்பேட்டில் இருக்கட்டும். வீடு திரும்பும் முன் நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் பயிற்சியும், மாத்திரைகளோடு ஒரு மாதத்துக்கான குழாய்களும் தரட்டும்.