தண்டமும் தண்டலும்

'தண்டம்' என்பது குற்றத்திற்கு விதிக்கப்படும் பொருள். 'தண்டல்' என்பது வரியை வசூலித்தல். ஒலியில் நெருங்கிய இவ்விரு சொற்களும் நோக்கில் வேறானவை. தண்டல் பெருகினால் கருவூலத்திற்கு நன்மை. தண்டமோ குறைய வேண்டிய வருவாய். அது ஆண்டுதோறும் பெருகுமானால் குற்றம் குறையவில்லை என்றோ, பிழையாக விதிக்கப்படுகிறது என்றோதான் பொருள். மின்னணு முறையில் அபராதத்தை நிர்வகிக்கும் இன்றைய அரசுகள் இந்த வேறுபாட்டை மறந்துவருகின்றன.

கர்நாடகத்தின் போக்குவரத்து அபராதம் இதற்குத் தக்க சான்று. 2023 பிப்ரவரியில், நிலுவையிலுள்ள இ-சலான் தொகையில் பாதியைச் செலுத்தினால் போதும் என்று மாநில அரசு சில நாட்கள் சலுகை அளித்தது. பெங்களூரில் மட்டும் 120 கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. அதே ஆண்டிலும் 2025இலும் சலுகை மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் சேர்ந்த தொகையே வெற்றியின் அளவாகப் பேசப்பட்டது. உடனே செலுத்தியவர் முழுத்தொகை கொடுத்தார். காத்திருந்தவர் பாதி கொடுத்தார். பிழையாக விதிக்கப்பட்டது என்று கருதியவரும், வழக்காடுவதைவிடப் பாதியைக் கட்டுவது மேல் என்று எண்ணியிருக்கக்கூடும். இது தண்டலின் தருக்கமே அன்றித் தண்டத்தின் தருக்கம் அன்று.

மின்னணு முறையால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. சாலையோரத்தில் கைமாறும் பணம் குறைகிறது, ரசீது கிடைக்கிறது, தொகை நேரே அரசுக் கணக்கில் சேர்கிறது. ஆனால் செலுத்துவது எளிதான அளவுக்கு மறுப்பது எளிதாகவில்லை. செலுத்த ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மறுக்க வேண்டுமானால் குற்றப்பிரிவு, இடம், நேரம், புகைப்படம் ஆகியவற்றைப் படித்துப் புரிந்துகொண்டு எழுத வேண்டும்.

இந்த இடைவெளி பங்காருபேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் இன்னும் அகன்று தெரிகிறது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், பங்காருபேட்டைச் சந்திப்பு வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்றுவரும் குடும்பங்களில் பெரும்பகுதி தமிழ் பேசுபவை. கன்னடத்தைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் அவர்களிடையே உண்டு. அவர்கள் கைப்பேசிக்கு வரும் அபராத அறிவிப்பு தமிழில் இல்லை. இ-சலான் பெயரில் போலி இணைப்புகளை அனுப்பிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பெருகியுள்ள காலத்தில், மெய்யையும் போலியையும் பிரித்தறியப் படிப்பவரின் மொழியே முதற்காப்பு.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. குறைதீர்க்கும் முறையீட்டை ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் கூறு. மொழிச் சிறுபான்மையினர் 15 விழுக்காட்டிற்கு மேல் வாழும் பகுதிகளில் முக்கிய அரசு அறிவிப்புகள் அவர்கள் மொழியிலும் வெளியாக வேண்டும் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட காப்புநெறி. கேமராவில் பதிவாகும் குற்றத்திற்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதித்தது. புரியாத அறிவிப்பு 15 நாட்களில் வந்தாலும் வராததற்கு ஒப்பே.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, சேர்ந்த தொகையோடு, விதித்த அபராதம் எத்தனை, மறுக்கப்பட்டவை எத்தனை, நீக்கப்பட்டவை எத்தனை என்பதையும் வட்டவாரியாக வெளியிட வேண்டும். இரண்டாவது, அறிவிப்பும் மறுப்புப் படிவமும் கன்னடத்தோடு அப்பகுதியின் சிறுபான்மை மொழியிலும் அமைய வேண்டும். மென்பொருளுக்கு இது அரிய வேலையன்று. மூன்றாவது, செலுத்தும் பொத்தானுக்கு அருகிலேயே, அதே அளவில், மறுக்கும் பொத்தானும் இருக்க வேண்டும்.

கன்னடத்திலும் அபராதத்திற்குத் 'தண்ட' என்றே பெயர். ஆகவே இது இரு மொழியினருக்கு இடையிலான வழக்கன்று. குடிமகனைத் திருத்த முனையும் அரசுக்கும் அவனிடம் தண்ட முனையும் அரசுக்கும் இடையிலான வழக்கு. கருவி எந்த அரசின் கையில் இருக்கிறது என்பதை, அது எதை எண்ணுகிறது என்பதே காட்டிக்கொடுக்கும்.