சின்னக் குருவி சொன்ன செய்தி

"ஒரு சின்னக் குருவி என்னிடம் சொன்னது" என்பார்கள் ஆங்கிலேயர். செய்தி தெரியும், சொன்னவர் பெயரை வெளியிட விருப்பமில்லை என்பதே அதன் கருத்து. விளையாட்டாகச் சொன்னால் பாதகமில்லை. ஆனால் ஒரு குமர்ப்பிள்ளையின் கலியாணப் பேச்சு இந்தப் பெயரில்லாக் குருவியால் குழம்பினால், அவளது கண்ணீருக்குப் பொறுப்பு யார்?

ஸுலைமான் நபி (அலை) அவர்களிடம் ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டு வந்ததும் ஹுத்ஹுத் என்ற பறவைதான். அது நேரில் கண்டதையே சொன்னது. அப்படியிருந்தும் நபியவர்கள் உடனே நம்பிவிடவில்லை. உண்மையா, பொய்யா என்றறிய அதனிடமே கடிதம் கொடுத்தனுப்பிய சம்பவத்தை ஸூரா அந்நம்லில் காணலாம்.

எனவே, ஒரு கதை காதில் விழுந்தால், "சொன்னவர் கண்டவரா, கேட்டவரா?" என்று விசாரியுங்கள். பதில் இல்லையென்றால் அக்கதை உங்களோடு நின்றுவிடட்டும்.