97 என்று கேட்டால் போதாது

பழைய லாரி இன்ஜினைப் பிரித்து வேலை செய்யும்போது முதலாளிகள் கேட்பது இரண்டே கேள்விதான். பிஸ்டன் செட் என்ன விலை? வண்டி என்றைக்குக் கிடைக்கும்? கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவு, என்ன வரும் என்று கேட்பவர் அபூர்வம். அதைக் கேட்காமல் விடுவதால்தான், பெரும் செலவில் வேலை செய்த இன்ஜின் மறுமாதமே புகை கக்குகிறது, மேட்டில் திணறுகிறது, டீசலைக் குடிக்கிறது. சங்ககிரியில் போரிங், ஃபேசிங் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்காரன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பிஸ்டனைப் போர் அளவை (சிலிண்டரின் விட்டத்தை) மட்டும் பார்த்து வாங்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

எங்கள் பக்கம் தண்ணீர் வண்டியாகவும், செங்கல், வைக்கோல் ஏற்றும் வண்டியாகவும் பழைய டாடா 1210 லாரிகளை இன்றும் பார்க்கலாம். அவற்றில் இருக்கும் 697 இன்ஜின் பென்ஸ் வழி வந்தது. டாடாவும் டைம்லர் பென்ஸும் 1954-ல் கைகோத்தன. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. அதன் பிறகும் அந்த இன்ஜின் பரம்பரை இங்கே தொடர்ந்தது. 6 சிலிண்டர், 97 மி.மீ. போர், 128 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 5,675 சிசி. சிலிண்டர் எண்ணிக்கையும் போர் அளவும் சேர்ந்ததுதான் 697 என்ற பெயர்.

சிக்கல் அந்த 97-ல்தான் தொடங்குகிறது. உதிரிபாகக் கடைக்குப் போகிற டிரைவர், "ஏனுங்ணா, 697-க்கு ஸ்டாண்டர்டு பிஸ்டன் ஒரு செட்டு குடுங்க" என்கிறார். "லைனரோட வேணுங்களா, தனியாவா?" என்று கடைக்காரர் கேட்கிறார். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. டர்போ வண்டியா, சாதா வண்டியா என்ற கேள்வி பல நேரம் எழுவதே இல்லை. இரண்டுக்கும் போர் 97 மி.மீ.தான். இரண்டு பிஸ்டனும் லைனருக்குள் ஒழுங்காக இறங்கும், மேலும் கீழும் போய் வரும். ஆனால் தலையில் வெட்டியிருக்கும் குழி, அதாவது பவுல், வேறு வேறு.

கணக்கைப் பாருங்கள். இந்த இன்ஜினில் ஒரு சிலிண்டர் இழுக்கும் காற்று 946 சிசி. டர்போ இல்லாத இன்ஜினுக்கு ரேஷியோ 17:1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிச்சம் இருக்க வேண்டிய இடம் 59 சிசி. அதுவே 63 சிசி ஆனால் ரேஷியோ 16:1. இரண்டுக்கும் நடுவில் இருப்பது 4 சிசி, ஒரு டீஸ்பூன்கூட நிறையாத அளவு. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கி 500 டிகிரிக்கு மேல் சூடேற்றி, அந்தச் சூட்டில்தான் டீசலைப் பற்ற வைக்கிறோம். டர்போ பிஸ்டனைச் சாதா இன்ஜினில் போட்டால் நெருக்கம் குறைகிறது, சூடு குறைகிறது. மார்கழிக் காலையில் ஓசூர் பக்கம் நிறுத்திய வண்டி எடுக்காது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, துணியில் தீ வைத்துக் காட்டி ஸ்டார்ட் செய்கிற டிரைவர்களைப் பார்த்திருப்பீர்கள். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை அடங்காது.

தலைகீழாகச் செய்தால் இன்னும் மோசம். டர்போ ஏற்கெனவே காற்றை அழுத்தித்தான் உள்ளே அனுப்புகிறது. அதனால்தான் அந்த இன்ஜினுக்கு ரேஷியோவைக் குறைத்து வைக்கிறார்கள். அங்கே சாதா பிஸ்டனைப் போட்டால் லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் எல்லை மீறும். கேஸ்கட் போகும், பேரிங் தேயும், பவுல் விளிம்பில் பிஸ்டன் வெடிப்பு விடும். டர்போ பிஸ்டனில் முதல் ரிங் உட்காரும் இடத்தில் இரும்பு வளையம் வைத்து வார்ப்பது அந்தச் சூட்டையும் அடியையும் தாங்கத்தான்.

"கம்ப்ரஷனைக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க, இழுவை கூடுமில்லீங்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. இது பெட்ரோல் வண்டியின் கணக்கு. டீசலில் 17-ஐ 18 ஆக்குவதால் கிடைக்கும் கூடுதல் இழுவை சொற்பம்; பழைய பிளாக்கும் கிராங்கும் தாங்க வேண்டிய சுமைதான் கூடும். இழுவை வேண்டுமென்றால் பம்பையும் நாசிலையும் சரியாக அளந்து வையுங்கள், ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், வால்வு சீட்டைச் சரியாகப் பிடியுங்கள்.

ஹெட்டை இழைத்தால் கம்ப்ரஷன் ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். இந்த இன்ஜினில் ஹெட்டின் அடிப்பக்கம் தட்டை. எரியும் இடம் பிஸ்டன் தலையில் இருக்கிறது. ஹெட்டை இழைத்தால் ரேஷியோ அவ்வளவாக மாறாது. வால்வு கீழே இறங்கிவரும், நாசில் முனை கூடுதலாக நீட்டிக்கொள்ளும். டீசல் பவுலில் விழ வேண்டிய இடத்தில் விழாது, கறுப்புப் புகை வரும். எவ்வளவு இழைக்கிறோமோ அதற்கேற்ப வால்வு சீட்டை இறக்கி, நாசில் வாஷரின் கனத்தையும் பார்த்துப் போட வேண்டும். ரேஷியோவை மாற்றுவது பிளாக்கை இழைப்பதுதான். பிளாக்கில் அரை மி.மீ. எடுத்தால் போதும், 17 என்பது 18 ஆகிவிடும். பல கை மாறிய வண்டியில் இதற்கு முன் எத்தனை பட்டறை இழைத்தது என்று யாருக்குத் தெரியும்? அளந்தால்தான் தெரியும்.

அளப்பது பெரிய வித்தை அல்ல. ஈயக் கம்பித் துண்டுகளைப் பிஸ்டன் தலையில், கனெக்டிங் ராடை மாட்டும் பிஸ்டன் பின் இருக்கும் வரிசையில் வையுங்கள். அப்படி வைத்தால் பிஸ்டன் சாய்வதால் அளவு கெடாது. போடப்போகிற கேஸ்கட்டையே போட்டு, ஹெட்டைச் சரியான டார்க்கில் முறுக்கி, கிராங்கைக் கையால் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். நசுங்கிய ஈயத்தின் கனத்தை மைக்ரோமீட்டர் சொல்லும்; அதுதான் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஆறு சிலிண்டரிலும் இதைச் செய்ய வேண்டும். ஒன்றில் மட்டும் இடைவெளி கூடினால் அந்த கனெக்டிங் ராடைச் சந்தேகப்படுங்கள். 0.1 மி.மீ. வேறுபாடு ரேஷியோவில் 0.2 மாற்றும். அடுத்து பவுல். பிஸ்டனைச் சமமாக நிறுத்தி, விளிம்பில் கிரீஸ் தடவி, துளை போட்ட கண்ணாடித் தகட்டை மூடி, மருந்துக் கடை சிரிஞ்சால் மண்ணெண்ணெய் நிரப்பினால் எத்தனை சிசி என்று தெரிந்துவிடும். பழைய பிஸ்டனையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டால் வாங்கி வந்தது சரியா, தவறா என்பதில் சந்தேகமே இருக்காது. அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு, பிறகு இன்ஜினை மறுபடி இறக்குவதற்கு ஆகும் செலவை முதலாளிகள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் பழைய வண்டிகளையெல்லாம் உடைக்கக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எஃப்.சி. வாங்கிச் சட்டப்படி ஓடும் வண்டி அது. ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்குப் புது வண்டியின் தவணை எட்டாத உயரம். ஓடும் வரை அது ஒழுங்காக எரிக்க வேண்டும் என்பதே என் கட்சி. பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அளவின் வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. ஒழுங்காக அளந்து பூட்டிய இன்ஜினுக்கு அதைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. தாண்டும் வண்டியின் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள் என்பதைப் பட்டறைக்காரர்களாகிய நாங்களும் மறக்கக் கூடாது.

பிஸ்டன் தயாரிப்பில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. சென்னை செம்பியத்தில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டுவிட்டது. குறை, அந்தப் பிஸ்டன் கடையிலிருந்து பிளாக்குக்குப் போகும் வழியில் இருக்கிறது. பெட்டியின் மேல் போர் அளவை அச்சிடும் அதே பெரிய எழுத்தில் ரேஷியோவையும், பவுல் கொள்ளளவையும், பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து தலை வரையிலான உயரத்தையும் அச்சிட வேண்டும். ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் மாணவர்கள் ஈயக் கம்பி வைத்து அளந்து காட்டிய பிறகே தேர்ச்சி பெற வேண்டும். பட்டறைகள் பில்லில் பிளாக்கிலும் ஹெட்டிலும் எவ்வளவு இழைத்தோம் என்பதை எழுதித் தர வேண்டும்.

லாரி முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இன்ஜின் வேலைக்கு விடும்போது பழைய பிஸ்டன் ஒன்றைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். வேலை முடிந்ததும் ஆறு சிலிண்டரின் இடைவெளியையும் ரேஷியோவையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதித் தராத பட்டறைக்கு, அது எங்கள் பட்டறையாகவே இருந்தாலும், பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.