விளம்பரப் பாக்கியும் வட்டார இதழ்களும்

ஆவடி பக்கம் சேக்காட்டில் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளம் மூடாமல் கிடந்தால் அதை எந்தப் பத்திரிகை எழுதும்? அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது; ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது; பூந்தமல்லி நகராட்சி. அம்பத்தூர் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது, மற்ற இரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. நாளிதழ்கள் மாவட்டவாரியாகப் பக்கம் பிரிக்கின்றன. மக்களோ வேலைக்கும் பள்ளிக்கும் இந்த எல்லைகளைத் தினமும் தாண்டுகிறார்கள். இந்த இடுக்கில் விழும் செய்திகளை எடுக்கக்கூடியவை வட்டார இதழ்கள்தான்: டியூஷன் சென்டர், கல்யாண மண்டபம், 'வீடு வாடகைக்கு' விளம்பரங்களை நம்பி வாசலில் இலவசமாக வந்து விழும் நாலு பக்கத் தாள்கள். இவை தனித்தனியாக நின்று பிழைக்க முடியாது, சங்கமாகச் சேர வேண்டும் என்பதே என் கட்சி.

இதற்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. பின்னாளில் இந்தியச் செய்தித்தாள் சங்கம் என்று பெயர் மாறிய அமைப்பு 1939இல் தொடங்கியது. இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கான சங்கம் 1941இல் வந்தது. போர்க்காலக் கட்டுப்பாடுகளை எதிர்கொள்ள 1940இல் கூடிய பத்திரிகை ஆசிரியர்கள் மாநாட்டின் முதல் தலைவர் 'தி இந்து'வின் கஸ்தூரி சீனிவாசன். பத்திரிகைகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து, லாபத்தைப் பிரித்துக்கொள்வதில்லை என்ற ஏற்பாட்டோடு, பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தை 1947 ஆகஸ்ட்டில் பதிவு செய்தது இதே சென்னையில்தான். ஆனால் கொண்டாடப்படும் இந்தப் பெயர்களைவிட, யாரும் கவனிக்காத ஒரு ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. செய்தித்தாள் சங்கம் விளம்பர ஏஜென்சிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது; அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குத்தான் பத்திரிகைகள் கடனுக்கு விளம்பர இடம் தருகின்றன. ஒரு பத்திரிகைக்குப் பாக்கி வைத்துப் புகாருக்கு உள்ளான ஏஜென்சி, மற்ற பத்திரிகைகளிடமும் அந்தச் சலுகையை இழக்க நேரிடும். தனி ஆள் நடையாய் நடந்தும் வராத பணம், இந்தப் பயத்தில் வந்து சேரும்.

சங்கம் என்றால் பெரிய முதலாளிகளின் கிளப் என்று சொல்பவர்கள் உண்டு. அது வெறும் வசையல்ல. பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளைப் பத்திரிகை நிர்வாகங்கள் நீதிமன்றத்தில் எதிர்த்தன. 2014இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லும் என்று சொல்ல வேண்டியிருந்தது. இருந்தாலும், பெரியவர்களின் சங்கம் சிறியவர்களுக்காகப் பேசாது என்பதற்குத்தான் இது சான்று; சிறியவர்களுக்குச் சங்கமே கூடாது என்பதற்கல்ல. அரசு காப்பாற்றட்டும் என்றும் விட்டுவிட முடியாது. பெரிய பத்திரிகைகள் குறைந்த விலைக்கு நிறையப் பக்கம் கொடுத்துச் சின்னவற்றை விழுங்கிவிடக் கூடாது என்றுதான் 1956இல் விலையையும் பக்கத்தையும் பிணைத்து ஒரு சட்டம் வந்தது. 1961இல் 'சகால்' நாளிதழ் தொடுத்த வழக்கில், அது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பு சரியானதே. சட்டத்தால் முடியாததைச் சிறு இதழ்கள் தாங்களே சேர்ந்து செய்துகொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. தெருமுனைக் கடைக்காரர் ஏஜென்சி வழியாக வருவதில்லை, ஒரே பகுதியில் ஒரே கடைக்காக அடித்துக்கொள்ளும் இதழ்கள் எப்படிக் கைகோக்கும் என்பார்கள். ஆனால் மூன்று ஊரிலும் கிளை வைத்திருக்கும் ஒரு நகைக்கடையோ மருத்துவமனையோ இன்று மூன்று இதழ்களிடம் தனித்தனியாகப் பேரம் பேச வேண்டும். ஒரே கட்டணம், ஒரே பில் என்றால் யாருக்கும் கிடைக்காமல் போகும் விளம்பரம் எல்லோருக்கும் வரும். தெருக்கடையைப் பொறுத்தவரை போட்டி போடட்டும், அதில் தவறில்லை. விலையைக் கூடிப் பேசி நிர்ணயித்தால் போட்டிச் சட்டத்தின் கேள்வி எழும். கூட்டுத் தொகுப்பு தனி விளம்பரத்தைவிட மலிவாக இருப்பதும், தனி விலையை அவரவரே வைத்துக்கொள்வதும் அதைத் தவிர்க்க உதவும். ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதிய ஆசிரியருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவதூறு இன்றும் குற்றம். இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தனி ஆள் அடுத்த இதழில் அந்த ஏரியைத் தொடவே மாட்டார். ஆளுக்கொரு சிறு தொகை போட்டுப் பொதுவாக ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொண்டால் தொடுவார்.