ஒரு வரியில் மாறாத நிறம்

டெக்ஸ்ட் பாக்ஸின் நிறத்தை மாற்றுவது ஒரே வரி வேலை, எந்த நிறம் என்பது அவரவர் ரசனை. இந்த நம்பிக்கைக்குத் திருவண்ணாமலையில் கிடைத்திருக்கும் புதிய சாட்சி, பயிற்சி நிலையம் ஒன்று மாணவர்களுக்குக் கொடுத்த விடுதி பில்லிங் பாடக்குறிப்பு. பௌர்ணமிக் கூட்டத்துக்கு அறை போடும் ஃபார்ம் அது. பின்னணியில் ராஜகோபுரம், அதன்மேல் மஞ்சள், ரோஜா, கிளிப்பச்சைப் பெட்டிகள். யாரும் திருத்தக்கூடாத ‘மொத்தம்’ பெட்டிக்கு மட்டும் எழுத்தின் நிறமான ஃபோர் கலர் கருநீலம் என்று ஒரு வரி.

அந்த வரி வேலை செய்யாது. டாட் நெட் விண்டோஸ் ஃபார்ம்ஸில் ரீட் ஒன்லி ஆக்கப்பட்ட பெட்டி, பின்புல நிறமான பேக் கலரையும் வெளிப்படையாகக் கொடுக்கும்வரை ஃபோர் கலரைச் சட்டை செய்வதில்லை. குறிப்பை எழுதியவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஓட்டிப் பார்ப்பது பாடத்திட்டத்தில் இல்லை போலும்.

காரணம் அடியில் இருக்கிறது. விண்டோஸில் எழுத்துப் பெட்டி தன் நிறத்தைத் தானே முடிவு செய்வதில்லை. வரைவதற்குமுன் தாய் விண்டோவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்கிறது. தட்டச்சு செய்யக்கூடிய பெட்டி அனுப்புவது ஒரு செய்தி, பூட்டிய பெட்டி அனுப்புவது வேறொன்று. இரண்டாவதற்கு டாட் நெட் பதில் சொல்ல வேண்டுமானால் பேக் கலர் கொடுத்திருக்க வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள், பெட்டியின் பேக் கலரை அதே பேக் கலருக்குச் சமமாக்கும் கோமாளித்தனமான வரியை எழுதுகிறார்கள். அது வேலை செய்கிறது. எனேபிள்டு ஃபால்ஸ் ஆக்கிய பெட்டியில் அந்தத் தந்திரமும் பலிக்காது; எழுத்து சாம்பல்தான்.

ஆக, ஒரு வரி இரண்டு வரியானது. ‘மொத்தம்’ கருநீலமும் ஆனது. இனி ரசனையைப் பார்க்கலாம். இரவுப் பணியில் இருக்கும் வயதான மேலாளர் கண் கூசுகிறது என்று விண்டோஸை ஹை கான்ட்ராஸ்ட் கறுப்புத் தீமுக்கு மாற்றுகிறார். பெட்டியின் பின்புலம் சிஸ்டம் நிறம் என்பதால் கறுப்பாகிறது. எழுத்து மட்டும் நிரலாளரின் ரசனைப்படி கருநீலமாகவே நிற்கிறது. கறுப்பின்மேல் கருநீலத்துக்கு வேறுபாட்டு விகிதம் ஏறத்தாழ 1.3-க்கு 1, இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் முடித்து வந்தவரிடம் கேட்க வேண்டிய தொகை மேலாளரின் கண்ணுக்கே தெரியாது. ரசனை வாழ்க.

தப்பான தொகையைச் சிவப்பில் காட்டினால் போதும் என்பது இதே நம்பிக்கையின் தம்பி. வெள்ளையில் தூய சிவப்பு 4-க்கு 1-தான் தேறும். சிவப்பு, பச்சை பிரித்தறியாதவருக்கு அது தகவலே அல்ல. என்ன தவறு என்று ஒரு வாக்கியம் எழுதினால் என்ன குறைந்துவிடும்? எர்ரர் ப்ரொவைடர் என்ற கருவி டூல் பாக்ஸில் சும்மாதான் கிடக்கிறது. நிற வேறுபாடு குறைந்தால் தமிழ் எழுத்துக்கு இன்னும் மோசம். சிறிய அளவில் மெய்யெழுத்தின் புள்ளி ஓரிரு பிக்சல்தான். கோபுரப் படத்தின்மேல் ரோஜா நிறத்தில் எழுதினால் முதலில் தொலைவது அதுதான்.

இத்தனைக்கும் அந்தக் குறிப்பின் பாதி, 1998-இல் வந்து 2008-இல் ஆதரவு நின்றுபோன விசுவல் பேசிக் 6-ஐப் பற்றியது. அதில் நிற எண்ணின் வரிசை நீலம், பச்சை, சிவப்பு. இணையத்தில் வரிசை தலைகீழ். அங்கிருந்து சிவப்பின் எண்ணை நகலெடுத்து ஒட்டும் மாணவருக்குக் கிடைப்பது நீலம். இதைப் பற்றிக் குறிப்பில் ஒரு சொல் இல்லை. ஃபார்மை வண்ணத்தில் அச்சடித்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டினால் மதிப்பெண் உண்டு என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது.

நிறம் வேண்டுமென்றால் எழுத்து, பின்புலம் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஹை கான்ட்ராஸ்ட் இயங்குகிறதா என்று நிரலில் சோதித்து, இயங்கினால் இரண்டையும் சிஸ்டம் கலர்ஸின் விண்டோ, விண்டோ டெக்ஸ்ட் இணைக்கு மாற்ற வேண்டும். ‘மொத்தம்’ பெட்டிக்கு இதுகூடத் தேவையில்லை. ஃபோர் கலர் வரியை அழித்துவிட்டு எழுத்தைப் பெரிதாக, தடிமனாக வைத்தால் எந்தத் தீமிலும் தொகை தெரியும்.