பின்னே வரும் வீடு

அவுஸ்திரேலியாவில் வாழும் தன் சித்தப்பா அனுப்பிய படமொன்றை அடுத்த வீட்டு மாணவன் சென்ற வாரம் நம்மிடம் காட்டினான். மோட்டார் வண்டியின் பின்னால் சிறு வீடொன்று கொளுவப்பட்டிருந்தது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி யாவும் அதனுள்ளே அடக்கம். பெருந்தெருவை விட்டு விலகி, மரங்கள் அடர்ந்த கிராமத்துப் பாதையோரம் அக்குடும்பம் தேநீர் அருந்திக்கொண்டிருந்தது. "மாமா, வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் பார்க்கும் யோகம் எங்களுக்கு எங்கே வரப்போகிறது?" என்று பெருமூச்செறிந்தான் பையன்.

அந்தப் பெருமூச்சுக்கு விடை கூறுவதே இவ்வாரம் நமது வேலை.

உல்லாசப் பயணத்துக்கென்றே அமைந்த இழுவை வீடுகளுக்கு முன்னோடி 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றியது. கடற்படை வைத்தியராயிருந்து ஓய்வுபெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 'வாண்டரர்' என்னும் பெயரில் மரவண்டியொன்றைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, ஸ்கொத்லாந்தின் இன்வெர்னஸ் நகர்வரை கிராமங்களினூடே சென்றார். அவர் கடந்த தூரம் 1,300 மைல். அவ்வண்டியை அவர் 'தரைக்கப்பல்' என்று அழைத்தார். 1907இல் இத்தகைய பயணிகளுக்கென அங்கே ஒரு சங்கமும் பிறந்தது. குதிரை போய் மோட்டார் வந்தபின் இவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று.

பார்ப்பதற்கு இலகுவாகத் தோன்றினும், வீட்டை இழுத்துச் செல்வது ஒரு கலையே. பாரமான பொருள்களைத் தாழ்வாக, அச்சுக்கு அண்மையில் வைத்தல் வேண்டும். பாரம் சற்றே முன்புறம் கூடியிருப்பது நன்று. பின்புறம் கூடினாலோ வேகம் பிடித்ததும் வீடு பாம்புபோல் நெளியத் தொடங்கும். நிறுத்துவதற்கும் வழமையைவிட நீண்ட தூரம் வேண்டும். பின்னோக்கிச் செலுத்துகையில் வீடு இடப்புறம் திரும்ப வேண்டுமாயின் சுக்கானை முதலில் வலப்புறம் திருப்புதல் வேண்டும். ஒடுங்கிய கிராமப் பாதையில் எதிரே வருபவர்க்கு ஒதுங்கி வழிவிடும் பொறுமையும் சாரதிக்கு அவசியம். அளவாகச் சுமத்தல், ஆறுதலாகச் செல்லுதல், அயலாரை மதித்தல் ஆகிய மூன்றிலும் இக்கலை அடங்கிவிடும்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்ததும் பையனை எழுப்பி, மட்டக்குளிப் பாலத்தின் வழியே களனி கங்கையைக் கடந்து ஹேகித்தைக்கு அழைத்துச் சென்றோம். ஆங்கே தொடங்குகிறது ஹமில்டன் கால்வாய். 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் நிறைவுற்ற இக்கால்வாயின் நீளம் பதினான்கரைக் கிலோமீற்றர். முத்துராஜவெலச் சதுப்பில் தேங்கிய உவர்நீரை வடிப்பது அதன் நோக்கம். அதற்கு முன்னரே ஒல்லாந்தர் கறுவாப்பட்டை ஏற்றுவதற்காக இப்பகுதியில் நீர்வழிகளைப் பேணியிருந்தனர். நீர்கொழும்பு, சிலாபம் ஊடாகப் புத்தளம் வரை அவ்வழி தொடர்ந்தது.

"ஸ்டேபிள்ஸ் வண்டிக்குக் கப்பல் என்று பேரிட்டார் அல்லவா? இங்கே படகுதான் வீடு" என்றோம். பையன் நிமிர்ந்து பார்த்தான்.

சிங்களத்தில் 'பாருவ' எனப்படும் தட்டையடிப் படகுகள் இந்நீரில் ஊர்ந்து திரிந்தன. மேலே கிடுகுக் கூரை. கீழே தேங்காயும் கொப்பறாவும் ஓடும் விறகும். நடுவே ஒரு மூலையில் சோறு பொங்கும். படகோட்டிகள் மரக்கோலை ஊன்றித் தள்ளினர். தேவைப்பட்ட இடங்களில் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தனர். இருமருங்கும் தென்னையும் தாழையும் கண்டலும் மெல்ல மெல்லப் பின்னோக்கி நகர்ந்திருக்கும். புகையிரதமும் லொறியும் வந்தபின் அப்படகுகளின் காலம் முடிந்தது.

பையன் தண்ணீரையே பார்த்து நின்றான். "இப்போது வெறும் போத்தல்கள்தான் மிதக்கின்றன, மாமா" என்றான். அவன் சொன்னது மெய். அவற்றை எறிந்தவர் வேற்றூரார் என்று நாம் சொல்லிவிட முடியவில்லை.

முத்துராஜவெலவின் வடபகுதி 1996இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கொக்கும் மீன்கொத்தியும் கபரக்கொய்யாவும் அங்கே வாழ்கின்றன. அவை மாத்திரமா? பெருமழையின் நீரைத் தன்னுள் வாங்கி ஆறுதலாகக் கடலுக்கு விடுவதும் அச்சதுப்பே. 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் களனி கரைபுரண்டு தாழ்நிலங்களை மூழ்கடித்ததை மறந்தவர் நம்மில் எவருமிலர். சதுப்பு மண்ணால் நிரம்பி, கால்வாய் குப்பையால் அடைபட்டால், அவ்வெள்ளம் எங்கே போகும்? கங்கைக் கரையில் வாழும் நமது வாசற்படியைத்தான் அது தேடி வரும்.

ஆகவே பெற்றோர்களே, மாணவர்களே, வீட்டை இழுக்கும் வண்டி நமக்கு இல்லையே என்று ஏங்க வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் வாழையிலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுடன் அக்கால்வாய்க் கரையோரம் ஆறுதலாக நடந்து பாருங்கள். கொண்டுசென்ற போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அன்று வீடு திரும்புகையில் பையனின் கையில் இரண்டு போத்தல்கள் இருந்தன. அவை அவன் கொண்டுசென்றவை அல்ல.