வீட்டுல சோப்பு செய்யலாம். ஆனா காஸ்டிக் சோடாவை எதுல வச்சிருக்கீங்க?

1/ திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் வீட்டுலயே சோப்பு, ஷாம்பு, ஹேர் டை, குங்குமம் செஞ்சு விக்கிற சகோதரிகள் நிறைய பேர் இருக்காங்க. குழு மூலமா விக்கிறாங்க, இன்ஸ்டாகிராம்லயும் விக்கிறாங்க. அந்த வருமானத்தை நான் குறை சொல்ல வரல. ஒரு மருத்துவரா ஒரே ஒரு கேள்வி: அந்த கெமிக்கல் எல்லாம் வீட்டுல எங்க இருக்கு? நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். சோப்பு செய்யக் கத்துக்கொடுக்குற வகுப்புல முதல் பாடம் கலவையா இருக்கக் கூடாது. எந்த டப்பா, எந்த அலமாரி, என்ன லேபிள், சாவி யார் கையில, இதுதான் முதல் பாடமா இருக்கணும். மணம், நிறம், அச்சு எல்லாம் அப்புறம்.

3/ வெத்தலையில சுண்ணாம்பு கூடிப்போனா நாக்கு வெந்துபோகும் இல்லையா? சுண்ணாம்பு ஒரு காரம். சோப்புக்குப் போடுற காஸ்டிக் சோடாவும் காரம்தான், ஆனா பல மடங்கு வீரியம். கட்டியா இருந்தா கல்கண்டு மாதிரி தெரியும். கரைச்சுட்டா தண்ணி மாதிரியே இருக்கும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆபத்தே அங்கதான்.

4/ கரைசலைப் பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கிறீங்க. வெளியில விளையாடிட்டு வர்ற பிள்ளை எடுத்து ஒரு வாய் குடிக்குது. ஆசிட் பட்டா பெரும்பாலும் மேல ஒரு பொருக்கு கட்டி, உள்ள போறதைக் கொஞ்சம் தடுக்கும். காரம் அப்படி இல்ல, சதையைக் கரைச்சுக்கிட்டே ஆழமாப் போகும். வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாம் வெந்துடும்.

5/ உயிர் பிழைச்சாலும் கதை முடியாது. சில வாரம் கழிச்சு தழும்பு இறுகி உணவுக்குழாய் சுருங்க ஆரம்பிக்கும். கஞ்சி கூட இறங்காது. எண்டோஸ்கோப்பி மூலமா திரும்பத் திரும்ப விரிச்சு விடணும், சிலருக்குப் பெரிய அறுவை சிகிச்சையே தேவைப்படும். பல வருஷம் கழிச்சு அந்த இடத்துல புற்றுநோய் வர்ற வாய்ப்பும் மத்தவங்களை விட அதிகம். இத்தனைக்கும் காரணம் ஒரு காலி பாட்டில்.

6/ அதனால சட்டம் ஒன்னு: சாப்பிடுற, குடிக்கிற பாத்திரத்துல கெமிக்கல் கூடவே கூடாது. "சாயங்காலம் எடுத்துடுவேன்"னு சொல்லியும் கூடாது. வாங்கின டப்பாவுலயே வைங்க. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காஸ்டிக் அதை அரிச்சு ஹைட்ரஜன் வாயுவை விடும், அது தீப்பிடிக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்குற ஊர்ல காத்துல ஈரம் உண்டு. கவரைத் திறந்து போட்டா காஸ்டிக் அந்த ஈரத்தை இழுத்துக் கசியும். மூடி இறுக்கமா இருக்கணும். கரைசலை அன்னைக்குத் தேவையான அளவு மட்டும் தயார் பண்ணுங்க, மிச்சம் வைக்காதீங்க. கரைக்கும்போது தண்ணியில காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். காஸ்டிக் மேல தண்ணியை ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும்.

7/ அடுத்தது ஹேர் டை. கறுப்பு நிறத்துக்குப் போடுற பிபிடி, அதாவது பாரா ஃபினைலீன் டையமின். வயித்துக்குள்ள போனா சில மணி நேரத்துல முகம், கழுத்து, நாக்கு வீங்கி மூச்சுப்பாதை அடைக்கும். தசை சிதைஞ்சு சிறுநீர் கஷாயம் மாதிரி கறுத்து, கிட்னி செயலிழக்கலாம். இதுக்குன்னு தனி முறிமருந்து கிடையாது. தென்னிந்தியாவுல அவசர சிகிச்சைப் பிரிவுல வேலை பார்க்குற டாக்டர்களுக்கு இது பழகின விஷயம். பூட்டின அலமாரி குழந்தைக்கு மட்டும் பாதுகாப்பு இல்ல. மனசு உடைஞ்சு நிக்கிற பெரியவங்களுக்கும் அந்த வேகம் தணிய நேரம் கொடுக்கும். மனசு கனமா இருந்தா 104 அல்லது 14416க்குப் பேசுங்க.

8/ பெர்ஃப்யூம், ஸ்ப்ரேக்குப் பயன்படுத்துற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சுமார் 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கிற அளவு ஆவியை விடும். திருச்சியில மார்கழி விடியற்காலையில கூட அவ்வளவு குளிர் கிடையாது. அந்த ஆவி காத்தை விட கனம், தரையோட ஊர்ந்து போகும். அடுப்படியிலயும் விளக்கு எரியுற பூஜை அறையிலயும் வைக்காதீங்க. ஹைட்ரஜன் பெராக்சைடை இதோட சேர்த்து வைக்காதீங்க. வெயில் படாம, அதோட சொந்த பாட்டில்லயே, தனியா வைங்க.

9/ "என் வீட்டுல எது எதுன்னு எனக்குத் தெரியும், லேபிள் எதுக்கு?" 1972ல பிரான்ஸ்ல தால்க் மொராஞ்ச்னு ஒரு குழந்தைப் பவுடர். தயாரிப்புல தவறுதலா ஹெக்ஸாகுளோரோஃபீன் என்கிற கிருமிநாசினி 6 சதவீதத்துக்கு மேல கலந்துடுச்சு. 36 குழந்தைகள் இறந்தாங்க. தொழிற்சாலையிலயே நடந்தது. நம்ம வீட்டுல ஜிங்க் ஆக்சைடு, போரிக் பவுடர், காஸ்டிக் எல்லாம் வரிசையா பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருக்கு. பெயர், வாங்கின தேதி, "விஷம், தொடாதே", மூணும் தமிழ்ல பெருசா எழுதி ஒட்டுங்க.

10/ விற்பனைக்கு அழகுசாதனம் தயாரிக்க உரிமம் வேணும், வீட்டுல செஞ்சாலும்தான். 2020 அழகுசாதன விதிகள் இருக்கு, தமிழ்நாட்டுல மருந்து கட்டுப்பாட்டுத் துறை கொடுக்குது. ஆபத்தான ரசாயனங்களைச் சேமிக்க 1989லேயே மத்திய அரசு விதி போட்டுச்சு, ஆனா அது பெரிய அளவுல வச்சிருக்கவங்களுக்கு. கட்டிலுக்கு அடியில இருக்குற 2 கிலோவை யாரும் வந்து பார்க்கப் போறதில்ல. அதனால பொறுப்பு பயிற்சி கொடுக்குறவங்களுக்கும் கடைக்காரங்களுக்கும் வருது. கேரி பேக்ல லேபிள் இல்லாம காஸ்டிக் நிறுத்துக் கொடுக்காதீங்க அண்ணா. சேமிப்பு பத்திப் பேசாத வகுப்புக்குப் பணம் கட்டாதீங்கம்மா.

11/ அதையும் மீறி நடந்துட்டா:
• வாந்தி எடுக்க வைக்காதீங்க. போன வழியே திரும்ப வந்து இன்னொரு தடவை சுடும்.
• எலுமிச்சை, வினிகர், உப்புத் தண்ணி எதுவும் கொடுக்காதீங்க. வாயை மட்டும் கொப்பளிக்கச் சொல்லுங்க.
• கண்ணுல பட்டா உடனே குழாய்த் தண்ணியில 20 நிமிஷமாவது விடாம கழுவுங்க. அப்புறம்தான் பயணம்.
• தோல்ல பொடி பட்டா முதல்ல தட்டிவிட்டு, பிறகு நிறைய தண்ணி.
• 108ஐக் கூப்பிடுங்க. அந்த டப்பாவையும் கையோட எடுத்துட்டு வாங்க. எய்ம்ஸ் விஷமுறிவு தகவல் மையம்: 1800 116 117, 24 மணி நேரமும்.
• அந்த நேரத்துல வலி தெரியலைன்னாலும் வீட்டுல இருந்துடாதீங்க.

12/ ஒரு பூட்டு, ஒரு மார்க்கர் பேனா, ரெண்டு தடிமனான பிளாஸ்டிக் டப்பா. ஒரு நாள் சோப்பு வித்த காசுக்குள்ள முடிஞ்சிடும். உங்க குழு வாட்ஸ்அப்ல இதைப் பகிருங்க. யார் வீட்டுல எந்த அலமாரின்னு அடுத்த கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் கேளுங்க.